கைப்பிடிக்கு ஒரு ஃபேஷியல்

என் சகலையை நான் இதுவரை ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறேன். அதுவும் ஒரு விரல் அகலத்தில்.

மற்ற எல்லாவற்றிலும் அவர்தான் முன்னால். என் மனைவியின் அக்காவை அவர் எனக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டதில் தப்பில்லை, அக்காதானே மூத்தவள். ஆனால் அதற்குப் பிறகும் வரிசை மாறவே இல்லை. வீடு அவர்தான் முதலில் கட்டினார். கார் அவர்தான் முதலில் வாங்கினார். தலைமுடி மட்டும்தான் எனக்கு முதலில் கொட்டியது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஆக, என் பிழைப்பிலேயே எனக்குத் திருத்தம் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. என் வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாரானால், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவுக்குள் இருக்கும் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்துக்கொண்டே வரும். வாயால் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலால் சொல்வதை எப்படிப் பொறுப்பது?

அந்த ஷூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். தினமும் காலையில் உட்கார்ந்து அவரே பாலிஷ் போடுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

இப்போது தூண்டில் கம்புக்கு வருகிறேன். மாமனாருக்கு இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், ஒரே ஒரு தூண்டில் கம்பு. மூட்டு வலி வந்து அவர் ஏரிக்கரைக்குப் போவதை நிறுத்தியபோது, கம்பு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. மனுஷன் யாருக்கும் கொடுக்கவில்லை. சட்டம் ஒன்று போட்டார். பிடித்த மீனை அந்தக் கம்பின் மேலேயே கிடத்த வேண்டும். வால் நுனி கம்பின் அடிமூடியோடு ஒட்டியிருக்க வேண்டும். மூக்கு எங்கே முடிகிறதோ அங்கே, ஃபோம் கைப்பிடியில், கத்தி முனையால் சின்னதாக ஒரு கீறல். யாருடைய கீறல் மேலே இருக்கிறதோ அவர் வீட்டில் கம்பு இருக்கும். கீறலைப் போட வேண்டியவர் தோற்றவர். டேப் கிடையாது, தராசு கிடையாது, 'கிட்டத்தட்ட' கிடையாது.

முதல் வருஷமே சகலை பெரிய மீன் ஒன்றைப் பிடித்துக் கீறலை வாங்கிக்கொண்டார். கம்பு அவர் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஏறியது. ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தது. வாராவாரம் இருவரும் ஏரிக்குப் போவோம். அவர் தோளில் அந்தக் கம்பு, என் தோளில் நான் கடையில் வாங்கிய சாதாரணக் கம்பு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எனக்கும் பெரிய மீன் ஒன்று மாட்டியது. கிடத்திப் பார்த்தோம். அரை விரல் குறைந்தது. "அடுத்த தடவை பாத்துக்கலாம் சகல" என்று முதுகில் தட்டினார். அந்த மீனை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

போன மழைக்காலத்தில்தான் என் நேரம் வந்தது. தூறலில் நனைந்துகொண்டு, பெரிய மீன் ஒன்றை இழுத்துக் கரையில் போட்டேன். சகலை தானே மீனைத் தூக்கிக் கம்பில் கிடத்தினார். பிறகு எடுத்துவிட்டு மறுபடியும் கிடத்தினார். வாலை இழுத்துப் பார்த்தார், மூக்கை அமுக்கிப் பார்த்தார். மீன் அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய கீறலைத் தாண்டி ஒரு விரல். கத்தியை எடுத்து அவரே கீறினார். முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த முகத்தை நினைத்துக்கொண்டே நான் ஒரு மாதம் சந்தோஷமாக வேன் ஓட்டினேன்.

கம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் என் மனைவி பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கண்ணாடிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். எனக்கு அது சகலையை ஜெயித்த கம்பு. அவளுக்கு அது அக்கா வீட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த கம்பு. அக்கா தங்கைக்கு நடுவில் அடிக்கடி சண்டை வருவதில்லை. ஆனால் யார் வீடு சுத்தம், யார் வீட்டுப் பாத்திரம் பளிச்சென்று இருக்கிறது என்பதில் மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வருவதாக அக்கா போன் செய்தாள். மாமனார் அவர்கள் வீட்டோடுதான் இருக்கிறார், அவரும் வருகிறார். பேச்சோடு பேச்சாக, "கம்பு எப்படி இருக்கு? எங்க வீட்ல இருந்தப்போ நான் வாரம் ஒரு தடவை தொடைச்சு வெப்பேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வைத்துவிட்டாள். என் மனைவி நிமிர்ந்து கம்பைப் பார்த்திருக்கிறாள். கைப்பிடியின் கறுப்பு ஃபோம் வெளுத்துச் சாம்பல் நிறமாக இருந்தது. பிடிக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. சுவரில் சாய்த்த இடங்களில் பள்ளம். தூண்டில் முள் குத்திய துளைகள். கிட்டே போனால் இரை நாற்றம். பார்லருக்கு வருகிறவர்கள் இத்தனை நாள் சொல்லாமல் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் பாவம்.

சனிக்கிழமை நான் வேனை சர்வீஸுக்கு விட்டுவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தேன். கண்ணாடிக்கு மேலே புதுக் கம்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புதுசு என்றே நினைத்தேன். கைப்பிடி கன்னங்கரேலென்று, மெத்தென்று, ஒரு பள்ளம் இல்லாமல், ஒரு துளை இல்லாமல், கல்யாண நாள் காலையில் மணப்பெண் இருப்பாளே அப்படி இருந்தது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் நீளவாக்கில் தேய்த்திருக்கிறாள். பிசுக்கு மூன்று வாளித் தண்ணீருக்கு வந்ததாம். பிறகு ஸ்டீமர். முகத்துக்கு ஆவி பிடிக்க வைத்திருக்கும் அதே கருவி. ஆவி பட்டதும் ஃபோமில் இருந்த பள்ளமெல்லாம், ஊதிவிட்ட மாதிரி தானாக மேலே எழும்பி வந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் கண் விரிந்தது. முகத்துக்கு இந்த மாதிரி ஒரு வேலை நடக்குமென்றால் ஊரில் முதல் பணக்காரி நான்தான் என்றாள். பிறகு நகம் ராவும் அரத்தால் மேல்தோலை லேசாக ராவினாள். ராவியபோது உதிர்ந்த கறுப்புத் தூளை வீணாக்காமல் எடுத்து, செயற்கை நகம் ஒட்டும் பசையில் குழைத்து, துளைகளை அடைத்தாள். காய்ந்ததும் மறுபடி அரம், அதற்குப் பிறகு நகத்துக்கு மெருகு போடும் சின்னக் கட்டை. கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய வைத்து, மாட்டியாகிவிட்டது.

நான் கம்பை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரலால் கீழிருந்து மேலே தடவினேன். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்தது. ரீல் மாட்டும் இடம் வந்துவிட்டது. மறுபடியும் கீழே இறங்கினேன்.

"இதுல கீறல் இருந்துச்சே?"

"எத்தனை கீறல். எல்லாத்தையும் அடைச்சிட்டேன். தொட்டுப் பாருங்க, எங்க இருந்துச்சுன்னே தெரியாது."

தெரியவில்லைதான். அதுதான் என் தலையில் இடியாக இறங்கியது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கீறுவது ஏரிக்கரையில் நடப்பது. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் காதில் விழுவதெல்லாம் 'குறி', 'அரை விரல்', 'ஒரு விரல்' என்பது மட்டும்தான். குறி என்று நாங்கள் சொல்வது, கம்பில் சுற்றியிருக்கும் சிவப்பு நூல் வளையத்தை என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நூலுக்கு ஒரு பாதகமும் வராமல் பத்திரமாகப் பிளாஸ்டிக் சுற்றி வைத்துக்கொண்டுதான் வேலையே செய்திருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் பார்லர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"தொடறதுக்கு முன்னாடி நீ கேக்கக் கூடாதா?"

இப்படிக் கொஞ்ச நேரம் போனது. அதனால் கீறல் திரும்பி வரவில்லை. நாளைக்கு மாமனார் வருவார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் கட்டைவிரல் மங்கவில்லை. வந்ததும் கம்பைக் கேட்பார், கீறலைத் தடவிப் பார்ப்பார், அது அவர் வழக்கம். கீறல் இல்லை என்றால் நான் ஜெயித்ததும் இல்லை. கம்பு வந்த வழியே போய்விடும். வாழ்க்கையில் ஒரே ஒரு வெற்றி, அதையும் என் மனைவி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள் என்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் முதலில் வந்தது.

அதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. கம்பை வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியில் விரலை நகர்த்தினாள். ஒரு முகத்தைப் பத்து நிமிஷம் பார்த்தால் எந்தப் பரு எங்கே இருந்தது என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்வாள். இது பழகிய கை.

"இங்க ஒண்ணு. ஒரு விரல் கீழ ஒண்ணு. அதுக்கும் ரெண்டு விரல் கீழ இன்னொண்ணு. மத்ததெல்லாம் முள்ளு குத்தின ஓட்டை, இது மூணுதான் கத்தி பட்ட மாதிரி நேரா இருந்துச்சு."

"மூணா? ரெண்டுதானே இருக்கணும்."

"மூணுங்க. அந்த மூணாவது ஏற்கெனவே அடைச்சிருந்துச்சு. ஸ்டீம் காட்டினதும் கறுப்பா உருகி வழிஞ்சுது. அழுக்குன்னு நெனச்சுத் துண்டால தொடைச்சேன். அந்தத் துண்டைப் பாருங்க. ரெண்டு தடவை துவைச்சும் போகல."

கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. மெழுகு. மெழுகோடு கலந்து, பக்கத்து இருக்கையிலிருந்து வருஷக்கணக்காக என் மூக்கில் ஏறிய அந்த வாசனை. ஷூ பாலிஷ்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நான் மெதுவாகக் கணக்குப் போட்டேன். கீழே இருந்த கீறல்தான் சகலையின் உண்மையான மீன். முதல் வருஷம் தோற்று நானே போட்டது, இடம் எனக்கு மறந்தே போயிருந்தது. கம்பு அவர் வீட்டுச் சுவருக்குப் போன பிறகு ஏதோ ஒரு நாள் அதை மெழுகும் பாலிஷும் வைத்து அடைத்திருக்கிறார். இரண்டு விரல் மேலே புதிதாக ஒன்றைக் கீறியிருக்கிறார். அவருடைய மீன் தண்ணீரை விட்டு வந்து, பொரித்துத் தின்று முடித்த பிறகும், சுவரில் தொங்கிக்கொண்டே இரண்டு விரல் வளர்ந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். இந்த மனுஷன் மீனை ஃபோமில் மறைத்திருக்கிறார்.

அப்படியென்றால் நாலு வருஷத்துக்கு முன்னால் அரை விரல் குறைந்த என் மீன்? குறையவே இல்லை. ஒன்றரை விரல் கூடுதல். என் தொண்டையில் இறங்காத அந்த மீன் அன்றைக்கே ஜெயித்திருக்கிறது. நாலு வருஷம் எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டிய கம்பு. முதுகில் வேறு தட்டினாரே.

நாளைக்கு அவர் வரட்டும், எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்கிறேன் என்று குதித்தேன். குதித்து முடிக்கும் வரை அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆதாரம்?"

"துண்டு."

"துண்டுல அவர் பேரா எழுதியிருக்கு? கம்பு நம்ம வீட்ல இருக்கு. கழுவினது நாம. கீறலை அடைச்சது நாம. கேக்கறவங்க யாரைத் திருடன்னு சொல்லுவாங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அதோட அக்கா இருக்கா. பாத்திரத்துல ஒரு பொட்டுக் கறை இருந்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. புருஷன் மேல இப்படி ஒண்ணு விழுந்தா தாங்க மாட்டா. நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நானும் தொறக்க மாட்டேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் சகலையின் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. நான்தான் வேனில் போய் மூவரையும் அழைத்து வந்தேன். பக்கத்து இருக்கையில் சகலை. முதல் சிக்னலிலேயே வலது கால் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. திருப்பத்துக்கு முன்னாடியே கியரைக் குறைக்கணும் சகல என்றார். நான் அவருடைய ஷூவைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் கண் நேராகக் கம்புக்குத்தான் போனது. கிட்டே போய்ப் பார்த்தாள், தொட்டாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்கே" என்றாள். என் மனைவி வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அதை அனுபவிக்க அவளுக்கு அன்று நேரம் வாய்க்கவில்லை. ஏனென்றால் அதற்குள் சகலை கம்பை இறக்கிவிட்டார்.

அவருடைய கட்டைவிரல் கைப்பிடியில் ஏறியது. நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழப்பம் வந்தது. அது போனதும் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதியின் பின்னாலேயே ஒரு சந்தோஷம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"வேலை சுத்தமா இருக்கு, மறுக்க முடியாது. ஆனா குறி போச்சே" என்றார். மிகவும் வருத்தப்படுகிற குரல். கம்பை மாமனார் மடியில் கொண்டுபோய் வைத்தார்.

மாமனார் அடிமுதல் நுனிவரை தடவினார். என் மனைவி நடந்ததைச் சொன்னாள். மூன்றாவது கீறலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். அவர் கைப்பிடியை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, குறி இல்லையென்றால் ஜெயித்தவரும் இல்லை என்றார். யாரும் ஜெயிக்காதவரை கம்பு ஒன்பது வருஷம் இருந்த இடத்துக்கே போகட்டும், புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சட்டம் போட்டவர் சட்டத்தைச் சொல்கிறார்.

"நானா கேக்கல மாமா" என்றார் சகலை. "சட்டம்னா சட்டம்தானே." சொல்லிக்கொண்டே கம்பை எடுத்துக்கொண்டுபோய், கிளம்பும்போது மறக்காமல் இருக்க, வாசல் கதவோரம் சாய்த்து வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய் திறக்கத்தான் போனேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது. திறந்த வாயை மூடாமல், எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டு வைத்தேன்.

"அத்தான், கை கழுவிட்டு வாங்க" என்றாள் அவளும், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி.

பார்லர் மூலையில் வாஷ்பேசின் இருக்கிறது. அக்காவும் மாமனாரும் உள்ளே சாப்பாட்டு மேஜைக்குப் போய்விட்டார்கள். நான் தட்டுகளோடு நடுக்கதவில் நின்றேன். சகலை கை கழுவித் திரும்பினார். என் மனைவி அவரிடம் துண்டை நீட்டினாள். அந்த வெள்ளைத் துண்டு. கறை மேலே தெரியும்படி மடித்திருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க அத்தான், துவைச்சதுதான். கறை மட்டும் போகல. கம்புக் கைப்பிடிக்கு ஸ்டீம் காட்டினப்போ வந்தது."

அவர் கை துண்டுக்கு அரை அடி முன்னால் நின்றுவிட்டது. விரலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எங்கேர்ந்து?" என்றார்.

"மேல இருந்த ரெண்டு கீறலுக்குக் கீழ இன்னொண்ணு இருந்துச்சு அத்தான். உள்ள மெழுகு மாதிரி ஏதோ. தொடைச்சு எடுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லல. அக்காகிட்டயும் சொல்லல. அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்."

சொல்லி, துண்டை அவர் கையில் வைத்துவிட்டு அவள் சாப்பாடு பரிமாறப் போய்விட்டாள். மிரட்டலாக ஒரு வார்த்தை இல்லை. விருந்தாளிக்குத் துண்டு கொடுத்தாள், அவ்வளவுதான்.

சகலை துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து நான் ஆசைப்பட்ட முகம் அதுதான். ஆனால் பார்க்கும்போது ஆசை தீரவில்லை, பாவமாக இருந்தது. எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டே இருந்த மனுஷன், வீட்டில் தனியாக உட்கார்ந்து, நான் எங்கே ஜெயித்துவிடுவேனோ என்று பயந்துபோய் ஒரு கீறலுக்கு மெழுகு உருக்கியிருக்கிறார். என்னைப் பார்த்து இவ்வளவு பயப்பட ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். துண்டை நாலாக மடித்தார். வாசலுக்குப் போய்க் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, மாமனாருக்கு முன்னால் நின்றார்.

"மாமா, குறி போனா போகட்டும். மீனை அளந்தவன் நான்தானே, சொல்றேன். கம்பு இங்கயே இருக்கட்டும். சின்னவர் மீன்தான் பெரிசு. மூணு விரல் பெரிசு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு விரல்னுதானே வீட்டுக்கு வந்து சொன்னீங்க? ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தீங்களே."

"அப்ப சரியா அளக்கல" என்றார் சகலை.

மாமனார் தலையை ஆட்டினார். தோற்றவரே கூட்டிச் சொல்வது நல்ல மனசு என்றார், பெரிய மாப்பிள்ளையிடம் இப்படி ஒரு பெருந்தன்மையை எதிர்பார்க்கவில்லை என்றார். பாராட்டைக் கேட்கக் கேட்கச் சகலையின் காது சிவந்தது. என் மனைவி குனிந்து பரிமாறிக்கொண்டே இருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் முட்டியது. ஒரு விரல் வெற்றியைக் காப்பாற்ற முடியுமா என்று தவித்தவனுக்கு மூன்று விரல் கிடைத்துவிட்டது. அதுவும் கடன் வாங்கியதல்ல, என்னுடையது.

குறியை இப்போதே மறுபடி போட்டுவிடலாம், கத்தி கொண்டு வாங்க என்றார் மாமனார். கத்தி என்ற சொல்லைக் கேட்டதும்தான் என் மனைவிக்குக் கோபம் வந்தது. நேற்று முழுக்க இடுப்பொடிய வேலை செய்திருக்கிறேன், இனிமேல் இந்தக் கைப்பிடியில் யாராவது கத்தி வைத்தால் அவர்கள் கையில் நான் கத்தி வைப்பேன் என்றாள். பார்லருக்குள் போய் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து சகலையின் கையில் திணித்தாள்.

தோற்றவர்தான் குறி போட வேண்டும். அத்தனை பெரிய கையில் அத்தனை சின்ன பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்தார். கட்டைவிரலால் தேடவே இல்லை. நேராக ஒரு இடத்தில் ஒரு பொட்டு வைத்தார். அவருடைய மீன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு காட்டிய அந்த மூன்றாவது இடம்தான், மயிரிழை பிசகவில்லை. இத்தனை வருஷமும் அந்த இடம் அவருக்கு மறந்திருக்கவில்லை. பிறகு தன் மூன்று விரலை அதன் மேலே சேர்த்து வைத்து, அதற்கும் மேலே எனக்கு ஒரு பொட்டு வைத்தார். அவர் விரல் என் விரலைவிட நல்ல தடிமன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர்களை வேனில் கொண்டுபோய் விட்டேன். மாமனாரும் அக்காவும் பின்னால் உட்கார்ந்து தூங்கிப்போனார்கள். சகலை பக்கத்து இருக்கையில். அவருடைய பேன்ட் பாக்கெட் ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெள்ளைத் துண்டின் நுனி தெரிந்தது. சிக்னல் வந்தது, வளைவு வந்தது, குறுக்கே ஒரு நாய்கூட வந்தது. பளபளக்கும் அந்த வலது ஷூ அசையவே இல்லை. பாதி வழிக்கு மேல் எனக்கு அது தாங்கவில்லை. பிரேக்கை மிதிக்காத சகலையோடு எப்படி வண்டி ஓட்டுவது? வாராவாரம் யாரோடு ஏரிக்குப் போவது?

அவர் வீட்டுத் திருப்பத்தில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் பிரேக் போட்டேன்.

டக்கென்று மிதித்துவிட்டார்.

"திருப்பத்துக்கு முன்னாடியே குறைக்கணும் சகல, எத்தனை தடவை சொல்றது."

"சரிங்கண்ணே" என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.